பத்தரை மணிக்குச் சாப்பிட்டால் வெயிட் போடுமா?

[காட்சி: இரவு. கீழவாசல் பக்கம் ஒரு பரோட்டாக் கடை. கல்லில் கொத்தும் சத்தம் மட்டும்.]

இந்தச் சத்தம் என்னவென்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மணி பத்தே முக்கால். நம் ஊரில் பாதிப் பேருக்கு இதுதான் ராத்திரிச் சாப்பாட்டு நேரம்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை. கடை அடைத்து, பஸ் பிடித்து, வீடு சேரும்போது பத்தரை ஆகிவிடும். "எட்டு மணிக்கு மேல சாப்பிட்டா அப்படியே கொழுப்பாயிரும்னாங்க தம்பி. அதான் தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துர்றேன்" என்றார். எடை குறைந்ததா என்று கேட்டேன். இல்லையாம். பன்னிரண்டு மணிக்குப் பசி தாங்காமல் எழுந்து, மிக்சர் டப்பாவைத் திறந்துவிடுகிறார்.

இந்த வீடியோவே அவருக்காகத்தான்.

[காட்சி: தட்டில் நான்கு இட்லி. பின்னால் கடிகாரம் ஏழிலிருந்து பத்துக்கு நகர்கிறது.]

எட்டு மணி ஆனதும் உடம்பு கடையைச் சாத்துவதில்லை. நாம் தூங்கும்போதும் இதயமும் மூளையும் கல்லீரலும் வேலை பார்த்துக்கொண்டேதான் இருக்கின்றன. ஒரு இட்லியில் சுமார் 50 கலோரி. காலையில் தின்றாலும் ராத்திரி தின்றாலும் அதே 50தான். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிச்சமாக வேண்டும். நான்கு இட்லியைப் பத்தரைக்குத் தின்றதால் மட்டும் அது நடக்காது.

சரி, அப்படியென்றால் நேரத்துக்கும் எடைக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது.

பாஸ்டனில் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில் ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 2022இல் வந்தது. எடை கூடுதலாக உள்ள 16 பேர். ஒரே சாப்பாட்டை ஒரு முறை நேரத்தோடும், இன்னொரு முறை நான்கு மணி நேரம் தள்ளியும் கொடுத்தார்கள். தள்ளிச் சாப்பிட்டபோது பசி அதிகமானது. 'வயிறு நிறைந்தது, போதும்' என்று மூளைக்குச் சொல்கிற லெப்டின் என்ற ஹார்மோன் குறைந்தது. விழித்திருக்கும் நேரத்தில் உடம்பு செலவழிக்கும் சக்தியும் சுமார் 5 சதவீதம், அதாவது 60 கலோரி போலக் குறைந்தது.

அதே 2022இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு முடிவு வந்தது. 30 பேர். நான்கு வாரம் காலையில் பெரிய சாப்பாடு, நான்கு வாரம் ராத்திரியில் பெரிய சாப்பாடு, மொத்தக் கலோரி ஒன்றே. இரண்டு முறையிலும் எடை கிட்டத்தட்ட ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால் காலையில் நன்றாகச் சாப்பிட்ட வாரங்களில் பசி அடங்கியிருந்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நான் எடுத்துக்கொள்வது இதுதான்: கடிகாரம் நம்மைக் குண்டாக்குவதில்லை, பசியைக் கிளப்பிவிடுகிறது. அந்தப் பசியோடு நாம் எங்கே போய் நிற்கிறோம் என்பதுதான் விஷயம்.

[காட்சி: பரோட்டா மாஸ்டரின் கைகள், மிக அருகில்.]

பாருங்கள். எண்ணெயில் ஊறிய மாவு உருண்டை. அதைத் தட்டி, வீசி, விசிறியாக மடித்து, சுருட்டி, கல்லில் போட்டு, மேலே இன்னொரு கரண்டி எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, இரண்டு இட்லிக்கும் மேல். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவர் ஒன்பது மணி நேரம் கழித்து இந்தக் கல் முன்னால் உட்கார்ந்தால் இரண்டோடு எழுந்திருப்பாரா? சால்னா வேறு ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அப்புறம் ஒரு ஜிகர்தண்டா.

அதனால் நான் சரிசெய்யச் சொல்வது ஆறரை, ஏழு மணியை. ஒரு சம்படத்தில் கடலைச் சுண்டலோ அவித்த பாசிப்பயறோ கொண்டுபோய், கடையில் கூட்டம் குறையும்போது சாப்பிட்டுவிடுங்கள். பருத்திப்பால் குடிக்கலாமா என்று கேட்பீர்கள். குடிக்கலாம், ஆனால் அதில் வெல்லமும் தேங்காயும் இருக்கிறது, அதையும் கணக்கில் சேருங்கள். வீட்டுக்கு வந்ததும் அளவாக இட்லி, பருப்பு போட்ட சாம்பார். சாப்பிட்ட உடனே படுத்தால் நெஞ்செரிச்சல் வரும், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் படுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். ராத்திரியில் சர்க்கரையைக் கையாளும் திறன் உடம்புக்குக் குறைவு. அதனால் சாதத்தைக் குவித்துச் சாப்பிடுகிற நேரம் அதுவல்ல. அதற்காக, இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொண்டு பட்டினியாகப் படுத்துவிடாதீர்கள். தூக்கத்திலேயே சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். சாப்பாட்டு நேரத்தை மாற்றுவதற்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

[காட்சி: ஒரு சின்னச் சமையலறை. இட்லிச் சட்டியின் மூடி திறக்கிறது, ஆவி எழுகிறது.]

அக்கா, இன்னைக்கு வந்ததும் மூணு இட்லி சாப்பிட்டுட்டே படுங்க.