வழியில் குந்திய பையன்

(ஏற்காடு மலைக் கிராமம் ஒன்றில் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் பேசியது)

தாய்மார்களே, எஸ்டேட்டில் காப்பி பறித்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருஷம் முன்னால் நடந்தது. ஐந்து வயசுப் பையன். அங்கன்வாடிக்கு வரும் வழியில் பத்தடி நடப்பான், குந்தி உட்கார்ந்துகொள்வான். "அடம் சிஸ்டர், தூக்கிக்கச் சொல்றான்" என்றாள் அம்மா. விரலைப் பிடித்துப் பார்த்தேன். நுனியெல்லாம் தடித்து, நகம் நாவல்பழத் தோல் மாதிரி நீலம். இதயக் கோளாறோடு பிறந்த பிள்ளைகளில் சிலருக்குக் குந்தினால்தான் மூச்சிரைப்பு அடங்கும். யாரும் சொல்லித் தராமல் அவன் உடம்பே கண்டுபிடித்த வைத்தியம் அது.

ஆபரேஷனுக்கு முதலமைச்சர் மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்று தைரியமாக, அதற்கான அட்டை எடுக்க அம்மாவைச் சேலம் கலெக்டர் ஆபீஸுக்கு அனுப்பினேன். ரேஷன் கார்டில் பையன் பெயரே இல்லை! வீட்டில் பிறந்தவன், பிறப்புச் சான்றும் எடுக்கவில்லை. அதற்கு ஒரு நடை, கார்டில் பெயர் சேர்க்க ஒரு நடை, வருமானச் சான்றுக்கு ஒரு நடை. 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏறினால் அன்றைய கூலி போச்சு. நோயைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நிமிஷம். காகிதம் சேர மூன்று மாதம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கைக்காசு செலவில்லை. ஆனாலும் அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது.

இந்தக் காப்பீடு 2009இல் கலைஞர் பெயரில் வந்தது, 2012இல் இப்போதுள்ள பெயரில் விரிவாக்கப்பட்டது, 2018இல் மத்திய அரசுத் திட்டத்தோடு சேர்ந்தது. ஆட்சி மாறியும் நிற்கிற திட்டம். வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு, வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பிரீமியத்தை அரசு கட்டுகிறது. நீங்கள் வாங்கும் சோப்பிலும் தீப்பெட்டியிலும் வரி இருக்கிறது, அந்தப் பணமும் இதில் சேர்ந்ததுதான். அதனால் ஆஸ்பத்திரி கவுண்டரில் கூனிக் குறுகி நிற்காதீர்கள். திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரி பணம் கேட்டால் 1800 425 3993க்குப் போன் போடுங்கள், காசு ஆகாது. சளி, காய்ச்சலுக்கு இந்த அட்டை உதவாது. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது.

பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் டாக்டர் குழு வந்து பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். காது, கண், உதட்டுப் பிளவு, வளைந்த பாதம், இதயம் எல்லாம் பார்ப்பார்கள். சீட்டு எழுதிக் கொடுத்தால் அதை அரிசி டப்பாவுக்குள் சொருகி வைக்காதீர்கள். பிறவியிலேயே காது கேளாத பிள்ளைக்கு உள்ளே கருவி பொருத்தும் ஆபரேஷனுக்கும் இந்தக் காப்பீடு உண்டு. ஆனால் பேச்சு வரும் வயசு தாண்டிவிட்டால் கருவி இருந்தும் பலன் குறைவு.

இன்னொன்று. அட்டை சிகிச்சைக்குத்தான் பணம் தரும். போன கூலியைத் தராது. மலைக்காரர்களைக் கீழே வரச் சொல்வதைவிட, அட்டைக்குப் போட்டோ எடுக்கும் மிஷின் மலைக்கு மேலே வரட்டும். அதைக் கேட்டு வருகிற திங்கள்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் மனு கொடுக்கப் போகிறோம்.

வெளியே பெஞ்சில் இரண்டு பெண்கள் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். மனுவில் கையெழுத்துப் போடுங்கள். ரேஷன் கார்டு கொண்டுவந்தவர்கள் முதலில் வாங்க, யார் வீட்டுப் பிள்ளை பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடலாம்.