மீசையில் மண்

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, நேரங்காட்டும் மணியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் அம்மையாரே, அவையோரே, வணக்கம்.

வேலையிலும் வாழ்க்கையிலும் ஒருவரை மேலே வரவிடாமல் காலைப் பிடித்து இழுப்பது எது? "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்கிற குணமா, "நான் செஞ்சா தப்பா இருக்காது" என்கிற குணமா? நாங்கள் இரண்டாவது கட்சி.

எதிரணித் தலைவர் லியனார்டோ டா வின்சியைத் துணைக்கு அழைத்து வந்தார். அவ்வளவு பெரிய கலைஞர், தள்ளிப்போட்டே பல படங்களை முடிக்காமல் விட்டார் என்று உருகினார். உண்மைதான் ஐயா. 1503 வாக்கில் கையிலெடுத்த மோனலிசாவை 1519இல் கண்மூடும் வரை தன்னோடுதான் வைத்திருந்தார். ஆனால் பாருங்கள், அந்த மனுஷர் தள்ளிப்போட்டார், ஐந்நூறு வருஷம் கழித்தும் ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். இது என்ன தோல்வி? எங்களுக்கும் ஒன்று கொடுங்கள்!

விளையாட்டு இருக்கட்டும். சோம்பேறியைத் திருத்த வீட்டில் நாலு பேர், ஆபீஸில் நாலு பேர் இருக்கிறார்கள். எழுப்பிவிடுவார்கள், திட்டுவார்கள், கெடு வைப்பார்கள். கோபக்காரனுக்குக்கூட ஆறிய பிறகு எடுத்துச் சொல்லலாம். தப்பை ஒப்புக்கொள்ளாதவனிடம் யார் போய்ச் சொல்வது? மற்ற நோய்க்கெல்லாம் மருந்து வாய் வழியாக உள்ளே போகும். இந்த நோய்க்காரன் வாயையே இறுக மூடிக்கொள்கிறான்.

அந்த நோய்க்காரன் வேறு யாருமில்லை, இதோ நிற்கிறேன். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் மாதக் கணக்கைத் திரையில் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். வருமானம் எகிறியிருந்தது, எனக்கே பெருமை தாங்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆன ஒரு பையன் மெதுவாகக் கையைத் தூக்கினான். "சார், மொத்தம்னு இருக்கிற வரியையும் சேர்த்துக் கூட்டியிருக்கு போல. அதான் ரெண்டு மடங்கா வருது."

பார்த்தேன். அவன் சொன்னது சரி, ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. "ஆமாம்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் சொன்னது என்ன தெரியுமா? "அது தெரிஞ்சுதான் போட்டிருக்கேன், அப்புறம் விளக்குறேன்." விழுந்தேன், ஆனால் மீசையில் மண் ஒட்டவில்லை! அந்த 'அப்புறம்' இன்று வரை வரவில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மூன்று மாதம் கழித்து, இன்னொரு தப்போடு ஒரு அறிக்கை வெளியே போய்விட்டது. இதைப் பார்த்தியாப்பா என்று அதே பையனிடம் கேட்டேன். "பார்த்தேன் சார். நீங்க தெரிஞ்சுதான் போட்டிருப்பீங்கன்னு நினைச்சேன்" என்றான். நக்கலடிக்கவில்லை, மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் இன்னும் சுட்டது.

என்னால் ஓர் அறிக்கைதான் கெட்டது. 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனரீஃப் தீவு, லோஸ் ரோடியோஸ் விமான நிலையம். பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் அங்கே போகவேண்டிய விமானங்களெல்லாம் இங்கே திருப்பிவிடப்பட்டிருக்கின்றன. கடும் மூடுபனி. ஓடுபாதையின் ஒரு முனையில் டச்சு நிறுவனத்தின் போயிங் 747 புறப்படத் தயாராக நிற்கிறது. அதே பாதையில் அமெரிக்க நிறுவனத்தின் இன்னொரு 747 எதிரே ஊர்ந்துவருகிறது. ஒன்றின் கண்ணுக்கு இன்னொன்று தெரியவில்லை.

டச்சு விமானத்தின் தலைமை விமானி சாதாரண ஆள் இல்லை. 747 ஓட்டப் பயிற்சி கொடுப்பவர், அந்த நிறுவனத்தின் விளம்பரத்தில் படம் வந்தவர். எஞ்சின் வேகத்தைக் கூட்டுகிறார். துணை விமானி, கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து இன்னும் அனுமதி வரவில்லையே என்கிறார். தலைமை விமானி வேகத்தைக் குறைத்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "அது எனக்குத் தெரியும், கேள்." (நான் சொன்ன "தெரிஞ்சுதான் போட்டிருக்கேன்" ஞாபகம் வருகிறதா?)

கோபுரத்திடம் கேட்கிறார்கள். மேலே எழும்பிய பிறகு எந்த வழியில் போகவேண்டும் என்பதற்கான அனுமதி வருகிறது. கிளம்பச் சொல்லி அனுமதி வரவில்லை. விமானம் ஓடத் தொடங்கிவிட்டது. முதல் தடவை தடுத்த துணை விமானி இந்தத் தடவை தடுக்கவில்லை. பின்னால் இருந்த பொறியாளர் மட்டும், அந்த அமெரிக்க விமானம் பாதையை விட்டு இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். "விலகிவிட்டதே" என்று அழுத்தமாகப் பதில் வந்தது. அவரும் அடங்கிவிட்டார். சில நொடிகள்தான். 583 பேர் இறந்தார்கள்.

இறந்துபோன மனிதரைக் கூண்டில் ஏற்ற வரவில்லை நான். பனி இருந்தது, பணி நேர வரம்பு நெருக்கியது, முக்கியமான நேரத்தில் இரண்டு பேர் ஒன்றாகப் பேசியதில் ரேடியோத் தொடர்பும் இரைந்து வார்த்தைகளை விழுங்கியது. ஆனால் நடுவர் அவர்களே, இதற்கும் இதுபோன்ற வேறு சில விபத்துகளுக்கும் பிறகு விமானத் துறை என்ன செய்தது? 1979இல் நாசா ஒரு கருத்தரங்கு நடத்தியது. 1981இல் அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் விமானிகளுக்கு ஒரு புது வகைப் பயிற்சியைத் தொடங்கியது, பிறகு அது உலகமெங்கும் பரவியது. எளிதாகச் சொன்னால், இளையவருக்கு வாயைத் திறக்கவும் மூத்தவருக்குக் காதைத் திறக்கவும் கற்றுக்கொடுக்கிற பயிற்சி. ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்களுக்கு!

மணி அடித்துவிட்டதாகச் சைகை காட்டுகிறார்கள். எனக்குக் கேட்கவில்லை. இன்னும் ஒன்றே ஒன்று.

எதிரணிக்கு ஒரு கேள்வி. மனிதன் ஏன் தள்ளிப்போடுகிறான்? நேரம் போதாமலா? அந்த வேலையை நினைத்தாலே வருகிற பயத்தையும் சங்கடத்தையும் தவிர்க்கத்தான் பெரும்பாலும் தள்ளிப்போடுகிறோம் என்று இதை ஆராய்ந்த உளவியலாளர்கள் சொல்கிறார்கள். என்ன பயம்? செய்தால் தப்பு வெளியே தெரிந்துவிடுமே! தப்பு என்றால் தப்பு என்று சொல்லப் பழகியவனுக்கு அதில் பாதி பயம் ஏது? உங்கள் கட்சியே எங்கள் வீட்டு வாடகைக்காரர்தான்.

1847இல் வியன்னா பொது மருத்துவமனையில், பிணக்கூறாய்வு முடித்த கையோடு பிரசவம் பார்க்கப் போன மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவச் சொன்னார் செம்மல்வைஸ் என்ற மருத்துவர். அவருடைய பிரிவில் ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த தாய்மார் சாவு ஜூலையில் ஒன்றுக்குச் சற்று மேலே வந்து நின்றது. ஆனாலும் பெரிய மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. ஏற்றுக்கொண்டால், அதுவரை இறந்த தாய்மார்களுக்கு யார் கை காரணம்? செம்மல்வைஸ் மட்டும், தன் கையாலும் பலர் போயிருக்கிறார்கள் என்று எழுதியே ஒப்புக்கொண்டார். அவர் இதைப் புத்தகமாக எழுத 1861 வரை ஆனது, பதினாலு வருஷம் தள்ளிப்போட்டார் என்று எதிரணி குறித்துக்கொள்வது தெரிகிறது. எழுதிக்கொள்ளுங்கள், அந்த ஒரு மதிப்பெண் உங்களுக்கு. ஆனால் எண்கள் கண்ணெதிரே இருந்தும் கை கழுவாமல் நின்றவர்களை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

நடுவர் அவர்களே, மணி எனக்குக் கேட்கவில்லை என்றேன் அல்லவா? கேட்டது. இரண்டு தடவையும் கேட்டது. அடுத்துப் பேச வேண்டியவரின் நேரத்தைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். தப்பு என்னுடையது, அமர்கிறேன்.