புகாரை எழுதிய கை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

போன ஆடி மாதம் ஒரு சாயங்காலம், மதுரையில் என் அலுவலகத்துக்கு ஓர் அப்பாவும் மகனும் வந்தார்கள். மகனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். இருபது வயதில் பாலியல் வழக்கு ஒன்றில் கைதாகி, எழுபது நாள் உள்ளே இருந்து, ஜாமீனில் வந்து, நான்கு ஆண்டு வாய்தா வாய்தாவாக அலைந்து கடைசியில் விடுதலையான பையன். வழக்கை நடத்தியது வேறொரு வக்கீல். வழக்குக் காகிதக் கட்டை மட்டும் மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார்கள்.

பையன் வாயே திறக்கவில்லை. அப்பாதான் மகனுடைய செல்போனை வாங்கி என் மேசையில் வைத்தார். "இவன் பேரையும் எங்க ஊர் பேரையும் போட்டுப் பாருங்கம்மா" என்றார். போட்டேன். முதலில் வந்தது கைதுச் செய்தி, படத்தோடு. வயது, தெரு, அப்பா பெயர் எல்லாம் இருந்தது. அடுத்ததும் அதே செய்தி, வேறு தளத்தில். கீழே தள்ளிக்கொண்டே போனேன். விடுதலையான செய்தி வரவே இல்லை. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை உறுதியாகிவிட்டதாம். சேர வேண்டிய நாளுக்கு முந்தின நாள் "இப்போதைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்களாம்.

"அந்தப் பொண்ணு பேரு எங்கயும் இல்லம்மா. எம்மகன் பேரு மட்டும் ஏன் இருக்கு? பொய் சொன்னவளுக்கு என்ன தண்டனை குடுத்தீங்க?" என்று கேட்டார்.

குடுத்தீங்க என்று என்னையும் சேர்த்துத்தான் கேட்டார். கேட்கட்டும். இருபது வருடமாகக் கறுப்பு கோட்டுப் போடுகிறவள், எனக்கும் அதில் பங்கு உண்டு. அன்றைக்கு அவருக்கு என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஆணுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயமா என்ற இந்தக் கோபத்தை இன்று நிறைய வீடுகளில் கேட்கிறேன். அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை.

முதலில் பெயர் விஷயம். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரை வெளியிடுவது 1983லிருந்து குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 228ஏ, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 72ஆம் பிரிவு. அந்தப் பாதுகாப்பு சும்மா வந்துவிடவில்லை. மகாராஷ்டிராவில் 1972ல் காவல் நிலையத்துக்குள்ளேயே ஓர் ஆதிவாசிச் சிறுமி காவலர்களால் வன்கொடுமைக்கு ஆளானதாக வழக்கு. உடம்பில் காயம் இல்லை, எதிர்த்ததற்கு அடையாளம் இல்லை என்றெல்லாம் சொல்லி 1978ல் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுதலை செய்தது. நாடு முழுக்கப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகுதான் 1983ல் சட்டத்தையே திருத்தினார்கள். அந்தப் பாதுகாப்பில் ஓர் எழுத்தைக்கூடத் தொடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் விடுதலையான ஆணின் பெயருக்கு என்ன பாதுகாப்பு? இந்தக் கேள்வி நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே வந்தது. பாலியல் வழக்கில் கீழ் நீதிமன்றம் தண்டித்து, 2014ல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்த ஒருவர், இணையத்தில் கிடக்கும் தீர்ப்பிலிருந்து தன் பெயரை மறைக்கும்படி கேட்டார். 2021 ஆகஸ்டில் தனி நீதிபதி அவர்மேல் பரிவு காட்டினாலும், அதற்குத் தெளிவான சட்டம் வேண்டும் என்று சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு பெயரை மறைக்கச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டுவிட்டது. விடுதலையாகிப் பத்து வருடம் கழித்தும் தன் பெயரை மீட்க ஒரு மனிதர் கோர்ட்டு கோர்ட்டாக ஏற வேண்டியிருந்தது. அந்த அப்பாவின் கோபத்தில் இந்தப் பாதி முழுக்க நியாயம். குறைந்தபட்சம் தீர்ப்பு வரும்வரை குற்றம் சாட்டப்பட்டவரின் படத்தைக் காவல்துறை பத்திரிகைகளுக்குக் கொடுக்காமல் இருக்கலாம். அதற்குப் பெரிய சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை.

சரி, பொய் சொன்னவருக்குத் தண்டனை? சட்டத்தில் இருக்கிறது. பழைய சட்டத்தில் 182, 211. புதியதில் 217, 248. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் 22ஆம் பிரிவு: கெட்ட எண்ணத்தோடு பொய்ப் புகார் கொடுத்தால் ஆறு மாதம் வரை சிறை. புகார் கொடுத்தது குழந்தை என்றால் தண்டனை கிடையாது. இந்தப் பிரிவுகளில் எங்குமே ஆண், பெண் என்ற பேதம் இல்லை. சிக்கல் நடைமுறையில்தான். பொய்த் தகவல் கொடுத்தார் என்று, அந்தப் பொய்யால் பாதிக்கப்பட்டவர் தானாகப் போய் வழக்குப் போட்டுவிட முடியாது. அந்தத் தகவலை வாங்கிய அதிகாரியோ, வழக்கை விசாரித்த நீதிமன்றமோதான் முன்வர வேண்டும். அதிகாரி மாறுதலாகிப் போயிருப்பார். நீதிமன்றத்தில் அடுத்த வழக்கு காத்திருக்கும். கட்டு அப்படியே மூடப்படும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ரொம்பப் பேர் குழப்பிக்கொள்கிற இடம் இது. விடுதலை என்றால் புகார் பொய் என்று அர்த்தமில்லை. சாட்சி போதவில்லை என்றாலும் விடுதலைதான். எல்லா விடுதலையையும் பொய்ப் புகார்க் கணக்கில் சேர்த்துப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள்.

பொய் என்று நிரூபணமான வழக்குகளும் உண்டு. சென்னையில் ஒரு பொறியியல் மாணவரின் கதை உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். இரண்டு குடும்பமும் அக்கம்பக்கம். பிள்ளைகளுக்குக் கல்யாணப் பேச்சுகூட நடந்ததாம். சொத்துத் தகராறில் பிரிந்தார்கள். அப்புறம் ஒருநாள் பெண்ணின் தாய் வந்து, என் மகள் கர்ப்பத்துக்கு உங்கள் மகன்தான் காரணம் என்றார். பையன் 95 நாள் சிறையில் இருந்தார். குழந்தை பிறந்த பின் மரபணுப் பரிசோதனை செய்தார்கள். தந்தை அவர் இல்லை. 2016ல் மகிளா நீதிமன்றம் விடுதலை செய்தது. நஷ்டஈடு கேட்டு அவர் தொடுத்த வழக்கில் 2020ல் 15 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லிச் சென்னை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் படிப்பு நின்று போயிருந்தது.

உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் 2024ல் வந்த தீர்ப்பு நாடு முழுக்கப் பேசப்பட்டது. ஓர் இளைஞர் நான்கரை வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தபின், அந்தப் பெண் நீதிமன்றத்தில் தன் வாக்குமூலத்தை மாற்றினார். இளைஞர் உள்ளே இருந்த அதே 1,653 நாட்களைப் பெண்ணுக்குச் சிறைத் தண்டனையாக விதித்தார் நீதிபதி. அந்த நாட்களில் அந்த இளைஞர் சம்பாதித்திருக்கக் கூடிய குறைந்தபட்சக் கூலியைக் கணக்குப் போட்டு, 5 லட்சத்து 88 ஆயிரத்துச் சொச்சம் அபராதம்.

அந்தச் செய்தி வந்த அன்று சரியான தீர்ப்பு என்று பலர் எனக்கு அனுப்பினார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தப் புகார் போன 2019ல் அந்தப் பெண்ணுக்குப் பதினைந்து வயது. காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தது அவள் தாய். சென்னை வழக்கிலும் முதலில் வந்து நின்றது தாய்தான்.

இதைத்தான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தேன். பொண்ணு பொய் சொல்லிட்டா என்கிறோமே, அந்தப் புகாரை எழுதிய கை யாருடையது என்று பார்க்கிறோமா? பத்திரிகையாளர் ருக்மிணி, தி இந்து ஆங்கில நாளிதழுக்காக 2013ல் டெல்லி விசாரணை நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொன்ன பாலியல் வன்கொடுமை வழக்குகளை ஒன்றுவிடாமல் படித்தார். முழுமையாக விசாரிக்கப்பட்ட 460 வழக்குகளில் 189, விரும்பிச் சேர்ந்த ஜோடிகளுக்கு எதிராகப் பெரும்பாலும் பெண்ணின் பெற்றோர் கொடுத்தவை. பத்துக்கு நான்கு. பெண் வீட்டைவிட்டுப் போகிறாள். சாதி வேறாக இருக்கிறது, அல்லது பையனிடம் வசதி இல்லை. காணவில்லை என்ற புகார் கடத்தலாகிறது, கடத்தல் வன்கொடுமையாகிறது.

நம் ஊரிலும் இதேதான். மகளிர் காவல் நிலையத்தில் நான் பார்த்தது ஒன்று. பிளஸ் டூ படிக்கிற பெண், பள்ளிச் சீருடையிலேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவும் சித்தப்பாவும் எழுத்தர் மேசையைச் சுற்றி நின்று வரி வரியாகச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டிருந்தார். முடித்ததும் காகிதத்தைப் பெண்ணின் பக்கம் தள்ளி, "கையெழுத்துப் போடும்மா" என்றார். அவள் படிக்கவில்லை. படிக்கச் சொல்லவும் இல்லை யாரும். ஒரு பேனா எழுதாமல் இன்னொரு பேனா கொடுத்தார்கள். போட்டுவிட்டாள்.

அன்றைக்கே பையன் சிறைக்கும் பெண் காப்பகத்துக்கும் போவார்கள். இரண்டு பேரும் பதினேழு, பதினெட்டு. நாலு வருடம் கழித்து நீதிமன்றத்தில் அந்தப் பெண் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்பாள். உடனே அவளுக்குப் பிறழ் சாட்சி என்று பெயர். ஊருக்கு அவள் பொய்க்காரி. சொல்லிக் கொடுத்த அப்பாவையும் சித்தப்பாவையும் எந்தச் சட்டப் பிரிவும் தேடிப் போவதில்லை. 2021 ஜனவரியில் இப்படியொரு வழக்கை ரத்து செய்த சென்னை உயர் நீதிமன்றம், வளரிளம் பருவக் காதலைத் தண்டிப்பது போக்சோவின் நோக்கமில்லை என்று தெளிவாகச் சொன்னது. 2022 டிசம்பரில் அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு, இத்தகைய வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பினார். இருந்தும் அந்த மேசையில் பேனா இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

பரேலித் தீர்ப்பில் எனக்கு இன்னொரு பயமும் உண்டு. வாக்குமூலத்தை மாற்றியவரைத் தண்டித்தால், எது பொய் என்று எப்படித் தெரியும்? முதலில் சொன்னதா, பின்னால் சொன்னதா? உண்மையிலேயே பாதிக்கப்பட்ட பெண்கள் மாற்றிச் சொல்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீதிமன்ற வராண்டாவில் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் வந்து நிற்பார்கள். பணம் கைமாறும், அல்லது தம்பி படிக்கிற பள்ளிக்கூடத்தின் பெயரைச் சும்மா விசாரிப்பது போல ஒருவர் விசாரிப்பார். அவ்வளவு போதும். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் 2010ல் ஒரு பெண் தன் கணவர்மீது புகார் கொடுத்து, குடும்பத்தின் நெருக்கடியில் அது பொய் என்று சொல்லிவிட்டார். உண்மைப் புகாரைப் பொய் என்று சொன்ன குற்றத்துக்காக அவருக்கு எட்டு மாதச் சிறை. மேல்முறையீட்டில் வெளியே வருவதற்குள் பதினெட்டு நாள் உள்ளே இருந்துவிட்டார்.

பொய் என்ற சொல் நம் மண்ணில் எப்படிப் பயன்பட்டது என்பதற்கு வாச்சாத்தியைவிட வேறு சாட்சி வேண்டாம். 1992 ஜூன் 20. தர்மபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்துப் பழங்குடிக் கிராமம். சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வெளியே சொன்னபோது அரசுத் தரப்பு மறுத்தது. நீதிமன்றப் படியேறி, சி.பி.ஐ. விசாரித்து, 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வர பத்தொன்பது வருடம். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்து போயிருந்தார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள். அதில் 17 பேர் வன்கொடுமைக் குற்றத்துக்காக. 2023ல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்து, பெண்களுக்குத் தலா 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. பத்தொன்பது வருடமும் அந்தப் பெண்கள் தர்மபுரிக்கும் சென்னைக்கும் பஸ் ஏறி ஏறி, நடந்தது நடந்ததுதான் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அவர்களுடைய புகாரை எழுத அன்று எந்த மேசையிலும் பேனா கிடைக்கவில்லை.

ஆண் பாதிக்கப்பட்டால் என்ன என்று கேட்பீர்கள். பதினெட்டு வயது வரை போக்சோ பையனையும் காக்கிறது. அதற்கு மறுநாளிலிருந்து, பாலியல் வன்கொடுமைச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவர் பெண் மட்டும்தான். முன்பு, ஆண்மீதான பாலியல் வன்முறைக்கும் பொருந்திய 377ஆம் பிரிவாவது இருந்தது. 2024 ஜூலை 1ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அதுவும் இல்லை. இது அப்பட்டமான பாரபட்சம். திருநங்கைகளுக்கும் சேர்த்து இதைச் சரிசெய்தாக வேண்டும்.

இனி அந்த அப்பாவிடம் வருகிறேன். மஞ்சள் பையிலிருந்து எஃப்.ஐ.ஆர். நகலை எடுத்தேன். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் நானே புகார்தாரர் பெயரைச் சத்தமாகப் படித்தேன். பெண்ணின் அப்பா பெயர். அடியில் அவருடைய கையெழுத்து, நீட்டி இழுத்த பெரிய கையெழுத்து. அப்புறம் நீதிமன்றத்தில் அந்தப் பெண் சொன்ன சாட்சியத்தையும் படித்தேன். ஒரு பக்கம்கூட இல்லை. என்னை யாரும் கடத்தவில்லை, அவர் என்னை ஒன்றும் செய்யவில்லை, நானாகத்தான் பஸ் ஏறினேன். எல்லாருக்கும் முன்னால் நின்று அவள் சொன்னது அவ்வளவுதான். அதை வைத்துத்தான் இவர் மகன் வெளியே வந்தான்.

அவர் நகலை வாங்கி அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பையன் முதல்முறையாகப் பேசினான். "நான்தான் அன்னிக்கே சொன்னேனேப்பா, அவ எழுதலன்னு."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. குமாஸ்தா கொண்டுவந்து வைத்த டீ ஆறிக்கொண்டிருந்தது. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, அந்த அப்பா மகனைப் பார்த்துக் கேட்டார்.

"அந்தப் புள்ள இப்ப எங்கடா இருக்கு?"

"தெரியலப்பா" என்றான்.