புத்தகம் சிபாரிசு பண்றது எப்படி? "செமயா இருக்கும்"னு மட்டும் சொல்லி விட்டுடாதீங்க

வணக்கம் நண்பர்களே. "இப்ப என்ன படிச்சிட்டு இருக்கீங்க? நல்லதா ஒண்ணு சொல்லுங்களேன்." படிக்கிறவங்க நாலு பேர் கூடினா இந்தக் கேள்வி வந்துடும். பதிலும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஒரு பேரு, கூடவே "செமயா இருக்கும், கண்டிப்பா படிங்க". கேட்டவரு தலையாட்டிட்டுப் போவாரு, அதோட சரி. அதனால இன்னைக்கு வீடியோவுல எந்தப் புத்தகத்தையும் படிங்கன்னு சொல்லப் போறதில்ல. ஒரு சிபாரிசை எப்படிச் சொன்னா கேட்டவரு அதை எடுத்துப் படிப்பாரு, அதை மட்டும் பேசுவோம்.

இதுக்கு அடிப்படையை ரொம்ப முன்னாடியே எழுதி வெச்சிருக்காங்க. சென்னைப் பல்கலைக்கழக நூலகரா இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வெளியிட்டாரு. ரெண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். மூணாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்கான வாசகர். நாலாவது, வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்து. நாம பண்ற சிபாரிசு முக்கால்வாசி மூணாவது விதியோட நின்னுடுது. நமக்குப் பிடிச்ச புத்தகத்துக்கு ஆள் பிடிக்கிறோம். கேட்டவருக்கு வேண்டியதோ ரெண்டாவது விதி.

அதனால பேரு சொல்றதுக்கு முன்னாடி கேள்வி கேட்கணும். "உங்களுக்கு எந்த மாதிரி புத்தகம் பிடிக்கும்?"னு கேட்டுடாதீங்க. "எல்லாம் படிப்பேங்க"ன்னு பதில் வரும், அதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. இப்படிக் கேளுங்க: கடைசியா கீழ வைக்க மனசு வராம படிச்சது எது? அதுல எது பிடிச்சு இழுத்துச்சு? சமீபத்துல பாதியில விட்டது எது, எந்த இடத்துல விட்டீங்க? என்னைக் கேட்டா, பாதியில விட்ட புத்தகம்தான் அதிகம் காட்டிக் கொடுக்கும். பிடிச்சதைச் சொல்லும்போது கொஞ்சம் மரியாதைக்கும் சொல்லுவாங்க. பிடிக்காததுல அந்த மேல்பூச்சு இருக்காது.

வர்ற பதிலை எப்படிப் புரிஞ்சுக்கிறது? அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் இதுக்கு நாலு வாசல் சொல்லுவாங்க: கதை, பாத்திரம், களம், மொழி. ஒவ்வொரு வாசகரும் இந்த நாலுல ஏதோ ஒரு வாசல் வழியாதான் அதிகமா உள்ள நுழையுறாரு. ஒருத்தர் ஒரு துப்பறியும் நாவலைப் புகழ்றாருன்னு வைங்க. நாம என்ன பண்ணுவோம், இன்னும் மூணு துப்பறியும் நாவலை எடுத்து நீட்டுவோம். கொஞ்சம் பேச விட்டுப் பாருங்க. அவரு கொலைகாரன் யாருன்னு பேசவே மாட்டாரு. அந்தத் துறைமுகம், ராத்திரி நேரத்துத் தெரு, சரக்கு இறங்குற இடம், இதைத்தான் சொல்லிட்டு இருப்பாரு. அவரோட வாசல் களம். துறைமுக ஊரைப் பத்தின ஒரு நல்ல வரலாற்று நூல் கூட அவருக்குப் பொருந்தும். அலமாரியில ஒட்டியிருக்கிற வகைப் பேரைப் பார்த்துச் சிபாரிசு பண்ணா சறுக்குறது இங்கதான்.

அடுத்து நேரம். இதை யாரும் கேட்கிறதில்ல, ஆனா இதுலதான் பாதி சிபாரிசு அடிபடுது. கணக்கு ரொம்பச் சுலபம். ஒரு பக்கத்துக்கு 2 நிமிஷம்னா, 300 பக்கம் 600 நிமிஷம், அதாவது 10 மணி நேரம். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் படிக்கிறவருக்கு 20 நாள் ஆகும். 900 பக்கம்னா ரெண்டு மாசம். ரெண்டு மாசம் ஒரே புத்தகத்தோட இருக்க அவருக்கு இப்பத் தோதுப்படுமான்னு கேட்டுட்டு நீட்டுங்க. உங்க வேகம் தெரியணும்னா, புத்தகத்தோட நடுவுல இருந்து 10 பக்கம் படிச்சு நேரம் பாருங்க. முதல் 10 பக்கத்தை வெச்சுக் கணக்குப் போடாதீங்க. ஆளுங்க பேரு, இடம் எல்லாம் மனசுல பதியிற வரைக்கும் யாருக்குமே மெதுவாத்தான் போகும். ஒலிப்புத்தகம்னா 10 மணி நேரத்தை 1.25 வேகத்துல வெச்சா 8 மணி நேரம். உறவுமுறை சிக்கலா இருக்கிற பெரிய குடும்ப நாவலை மட்டும் காதால கேட்கச் சொல்லாதீங்க. யாரு யாருக்கு என்ன வேணும்னு பின்னாடி புரட்டிப் பார்க்க வழி இருக்காது.

சரி, இப்ப சிபாரிசு. நாலு விஷயம் போதும். என்ன புத்தகம், எப்படி நகரும், யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது. ஒரு மாதிரி சொல்றேன், கேளுங்க. "ஒரு நெசவாளர் குடும்பத்தோட மூணு தலைமுறைக் கதை. முதல் 60 பக்கத்துல பெருசா ஒண்ணும் நடக்காது, ஆளுங்களும் தறியும்தான். அப்பா இறந்ததுக்கு அப்புறம் வேகம் பிடிக்கும். வட்டார வழக்கு அடர்த்தியா இருக்கும், முதல் அத்தியாயத்தை வாய்விட்டுப் படிச்சா காது பழகிடும். மனுஷங்களைக் கிட்ட இருந்து பார்க்கப் பிடிச்சவங்களுக்கு இது சரி. முடிச்சு அவிழணும்னு எதிர்பார்க்கிறவங்க ஏமாந்துடுவாங்க. ஒரு குழந்தையோட சாவு வருது, அதை மட்டும் தெரிஞ்சு வெச்சுக்கங்க." அவ்வளவுதான். இதுல "அற்புதம்", "உலகத்தரம்" ஒண்ணுமே இல்ல, கவனிச்சீங்களா? அந்த 60 பக்கம்ங்கிற தகவல் ஒண்ணுக்கே அவரு 40-வது பக்கத்துல மூடி வைக்காம தாண்டிப் போயிடுவாரு.

கதையில எதுவரைக்கும் சொல்லலாம்? முதல் கால்வாசிக்குள்ள நடக்கிறது வரைக்கும் பரவாயில்ல. அதுக்கு மேல வாயைத் திறக்காதீங்க. "கடைசியில ஒரு திருப்பம் இருக்கு, சொல்ல மாட்டேன்"னு சொல்றதும் கதையை உடைக்கிறதுதான். படிக்கிறவரு முதல் பக்கத்துல இருந்தே திருப்பத்தைத் தேட ஆரம்பிச்சுடுவாரு. ஆனா சாவு, வன்முறை, தற்கொலை மாதிரி விஷயங்களை முன்கூட்டியே சொல்றது வேற. எங்க வருதுன்னு சொல்ல வேண்டாம், வருதுன்னு சொன்னாப் போதும்.

எத்தனை புத்தகம் சொல்லலாம்? ரெண்டு, மிஞ்சிப் போனா மூணு. ஒண்ணு அவரு ரசிச்சதுக்குப் பக்கத்துலயே இருக்கட்டும், இன்னொண்ணு கொஞ்சம் தள்ளி. பத்துப் புத்தகம் கொண்ட பட்டியலை அனுப்பினா அது போன்லயே தூங்கும். ஒரு எழுத்தாளரைப் புதுசா அறிமுகப்படுத்தும்போது அவரோட பெரிய படைப்பைத்தான் முதல்ல கொடுக்கணும்னு ஒரு கட்டாயமும் இல்ல. ஒரு சிறுகதைத் தொகுப்பைக் கொடுத்து, அதுல மூணு கதையை மட்டும் குறிச்சுக் கொடுங்க. ஒரு மணி நேரத்துல அவருக்கே தெரிஞ்சுடும், தொடரலாமா வேண்டாமான்னு.

இப்ப இந்தப் பக்கத்தைக் கேமராவுக்குக் கிட்டக் காட்டுறேன். தலைப்புப் பக்கத்தைத் திருப்பினா பின்னாடி இருக்குமே, பொடி எழுத்துல, அதுதான். பேரை மட்டும் கேட்டுட்டுப் போனவரு தப்பான புத்தகத்தோட வர்றது இதைப் பார்க்காததாலதான். இங்க பார்க்க வேண்டியது: எத்தனாவது பதிப்பு, சுருக்கப் பதிப்பா முழுசா, மொழிபெயர்ப்புன்னா மொழிபெயர்த்தது யாரு, மூல மொழியில இருந்து நேரா வந்ததா, இடையில இன்னொரு மொழி வழியா வந்ததா. ஒரே ரஷ்ய நாவலுக்கு ரெண்டு மூணு மொழிபெயர்ப்பு இருக்கலாம். ஒண்ணு ஓடும், ஒண்ணு நொண்டும். மொழிபெயர்ப்பாளர் பேரைச் சொல்லாம மொழிபெயர்ப்பு நூலைச் சிபாரிசு பண்ணா அது அரைச் சிபாரிசுதான். கீழ இருக்கிற இந்த 13 இலக்கம்தான் ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்தோட சர்வதேச அடையாள எண். 2007-க்கு முன்னாடி 10 இலக்கமா இருந்துச்சு. கெட்டி அட்டை, சாதா அட்டை, மின்னூல், ஒவ்வொண்ணுக்கும் எண் தனித்தனி. அதனால எண்ணை அனுப்பினா அதே வடிவம் சரியா கிடைக்கும். பழைய புத்தகங்கள்ல எண்ணே இருக்காது. இந்த முறை வந்ததே 1970 வாக்குலதான். அப்ப பேரு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு நாலையும் எழுதிக் கொடுத்துடுங்க. தமிழ்த் தலைப்பைத் தமிழ் எழுத்துலயே அடிச்சு அனுப்புங்க. ஆங்கில எழுத்துல அடிச்சா ழகரத்துக்கு ஆளுக்கொரு எழுத்துப் போடுவாங்க, தேடினா கிடைக்காது. அட்டைப் படம் மட்டும் அனுப்புறதும் வேண்டாமே, அதை நகலெடுத்துத் தேட முடியாது. தொடர் நாவல்னா எத்தனாவது பாகத்துல ஆரம்பிக்கணும்னு சொல்லுங்க.

"இப்பப் படிச்சிட்டு இருக்கேன்"னு பகிர்றதுல ஒரே ஒரு விஷயம் முக்கியம். எங்க இருக்கீங்கன்னு சொல்லுங்க, பக்க எண்ணா இல்லாம அத்தியாய எண்ணா. பதிப்பு மாறினா பக்கம் மாறும், மின்னூல்ல எழுத்தைப் பெருசாக்கினாலே எல்லாம் நகர்ந்துடும். அத்தியாயம் நகராது. "12-வது அத்தியாயம் வரைக்கும் பேசலாம்"னு சொல்லிட்டா குழுவுல யாருக்கும் கதை உடையாது. மின்னூல்ல சதவீதத்தை நம்பிடாதீங்க. அபுனைவு, அதாவது கதையல்லாத நூல்கள்ல பின்குறிப்பு, நூற்பட்டியல், சொல்லடைவு எல்லாம் அந்த நூறுக்குள்ள சேரும். எழுபத்தஞ்சு சதவீதத்துலயே நூல் முடிஞ்சு போறதும் உண்டு.

நட்சத்திரம் போடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. வாசகர்கள் புத்தகங்களுக்கு நட்சத்திரம் போட்டு விமர்சனம் எழுதுற குட்ரீட்ஸ் தளத்துல 3 நட்சத்திரம்னா "பிடிச்சிருந்தது", 2 நட்சத்திரம்னா "பரவாயில்ல". நம்மள்ல பலர் 3-ஐ சுமார்னு நினைச்சுப் போடுறோம், இன்னொருத்தர் நிஜமாவே பிடிச்சுப் போட்டிருப்பாரு. ரெண்டும் சேர்ந்து ஒரு சராசரி வருது. அதைப் பார்த்து என்னத்தை முடிவு பண்றது? 2, 3 நட்சத்திரம் போட்டவங்க எழுதின விமர்சனத்தைப் படிங்க. குறையை அங்கதான் காரணத்தோட எழுதுவாங்க, அந்தக் குறை உங்களுக்கு ஒரு பொருட்டே இல்லைன்னா தாராளமா எடுங்க.

கொடுத்தது பிடிக்கலைன்னா விட்டுடலாம்னும் சேர்த்தே சொல்லிடுங்க. இதுக்கும் நான்சி பேர்ல் ஒரு கணக்கு வெச்சிருக்காங்க: 50 வயசு வரைக்கும் உள்ளவங்க 50 பக்கம் படிச்சுப் பார்க்கணும், அதுக்கு மேல போனவங்க 100-ல இருந்து வயசைக் கழிச்சுக்கலாம். 70 வயசுக்காரருக்கு 30 பக்கம் போதும். மெதுவா சூடு பிடிக்கிற நாவலுக்கு இது கொஞ்சம் கறார்தான். அந்த மாதிரி நாவல்ல எத்தனை பக்கம் பொறுக்கணும்னு கொடுக்கிறவரே சொல்லிடணும்.

கீழ கமெண்ட்ல எழுதுங்க: புத்தகம், ஆசிரியர், எந்த அத்தியாயம், யாருக்குப் பிடிக்காது. அந்தக் கடைசி விஷயம் இல்லாம வர்ற கமெண்டுக்கு, "அப்ப யாருக்குப் பிடிக்காதுங்க?"ன்னு நானே கேட்பேன்.