லூப்பிங்கால் (LoopingCall) சத்தமில்லாமல் நின்றுபோவது ஏன்?

அடுத்த கேள்வி பாலக்கோட்டில் இருந்து ஒரு தம்பி அனுப்பியது. பால் குளிரூட்டும் தொட்டிகளின் வெப்பநிலையைப் பதிவு செய்யும் சர்வர் ஒன்றைப் பைத்தானில், ட்விஸ்டெட் என்ற நெட்வொர்க் லைப்ரரி வைத்து எழுதியிருக்கிறார். மொத்தம் 8 தொட்டி. 60 விநாடிக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் விசாரிக்க, ஒரு ஃபங்ஷனைக் குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்பக் கூப்பிடும் லூப்பிங்கால். "இரண்டு நாள் ஒழுங்காக ஓடுகிறது அண்ணா, அப்புறம் பதிவு நின்றுவிடுகிறது. சர்வர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பிழைகளை எழுதும் லாகிலும் ஒன்றும் இல்லை" என்கிறார்.

தம்பி, ஃபங்ஷனுக்குள் ஒரே ஒரு எக்செப்ஷன் (ஓடும்போது எழும் பிழை) வந்தாலும் லூப்பிங்கால் அதோடு கடையைக் கட்டிவிடும். ராத்திரி கரண்ட் போய் ஒரு தொட்டியின் இணைப்பு அறுந்தால் போதும்.

லாகில் ஏன் வரவில்லை? நீங்கள் அனுப்பிய கோடில், லூப்பிங்காலை ஓடவிடும் ஸ்டார்ட் தரும் டெஃபர்டை (பிறகு வரப்போகும் முடிவையோ பிழையையோ வாங்கி வைக்கும் ஆப்ஜெக்ட்) ஒரு வேரியபிளில் பிடித்து வைத்திருக்கிறீர்கள், பிழை வந்தால் கூப்பிடப்படும் எர்பேக் சேர்க்கவில்லை. பிழை அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். யாரும் கவனிக்காத பிழையை ட்விஸ்டெட் லாகில் எழுதுவது, அந்த டெஃபர்டு மெமரியை விட்டுப் போகும்போதுதான். நீங்கள்தான் அதை விடவே இல்லையே! நானும் இதில் மாட்டியிருக்கிறேன். கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக்கூழ் ஆலைக்கு எழுதிக் கொடுத்தது. காலையில் போய்ப் பார்த்தால் திரையில் முந்தின ராத்திரி 11 மணிக்கு எடுத்த அளவு அப்படியே நிற்கிறது.

அதனால் ஒவ்வொரு தொட்டிக்கும் தனித்தனியாக, பிழையைப் பிடிக்கும் ட்ரை, எக்செப்ட் போடுங்கள். எக்செப்ட்டில் வெறும் பாஸ் போட்டு மூடிவிடாமல், எந்தத் தொட்டி, என்ன பிழை என்று எழுதுங்கள். ஸ்டார்ட்டின் டெஃபர்டுக்கு எர்பேக்கும் வேண்டும்.

இன்னொரு விதமாகவும் நிற்கும். பதிலுக்குக் காத்திருக்கும் கோடை நேர்வரிசையாக எழுத உதவும் இன்லைன்கால்பேக்ஸ் போட்டிருப்பதால் உங்கள் ஃபங்ஷன் டெஃபர்டைத் தருகிறது; அது முடியும்வரை அடுத்த சுற்று தொடங்காது. சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்க அது நல்லதுதான். ஆனால் கருவி பதிலே சொல்லாவிட்டால்? பிழையும் இல்லை, முடிவும் இல்லை, காத்துக்கொண்டே இருக்கும். நின்ற நேரத்தில் லூப்பிங்காலின் ரன்னிங் மதிப்பைப் பாருங்கள்: ஃபால்ஸ் என்றால் பிழையில் செத்தது, ட்ரூ என்றால் இந்தக் காத்திருப்பு. இதற்கு ஒவ்வொரு விசாரிப்பிலும் நேர வரம்பு போடும் ஆட்டைம்அவுட் (addTimeout) வைத்து 10 விநாடி கொடுங்கள்.

ஒரு கணக்கு. வரிசையாக விசாரித்து எட்டும் பதில் சொல்லாவிட்டால் 80 விநாடி. 60-வது விநாடிச் சுற்று அப்போது நடக்காது, அடுத்தது 120-வது விநாடியில்தான். லேட்டான டவுன் பஸ் ஒரு டிரிப்பை விட்டுவிட்டு அடுத்த டிரிப்பை டைமுக்கு எடுக்கிற மாதிரி. லூப்பிங்காலை வித்கவுண்ட் (withCount) வைத்து உருவாக்கினால் எத்தனை டிரிப் போச்சு என்று கணக்கிடலாம். அது பிடிக்கவில்லை என்றால் எட்டையும் ஒரே நேரத்தில் விசாரியுங்கள், 10 விநாடியில் சுற்று முடிந்துவிடும்.