துணிக்குள் ஒளிந்த மெழுகு

நேயர்களுக்கு வணக்கம். பனிக்கட்டி மிதக்கும் நீரில் ஒரு வெப்பமானியை வைத்துக் கலக்கிக்கொண்டே இருந்தால், சுற்றியுள்ள காற்று எவ்வளவு சூடாக இருந்தாலும், கடைசித் துண்டு கரையும்வரை அது பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும். உள்ளே வருகிற வெப்பம் முழுவதும் உருகுவதற்கே செலவாகிவிடுகிறது. உள்ளுறை வெப்பம் எனப்படும் இந்த இயல்பை உடுத்தும் துணிக்குள் கொண்டுவரும் முயற்சியைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

நமது தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 33 டிகிரி செல்சியஸ். எனவே அதன் அருகில் உருகி உறையும் பொருளே ஆடைக்குப் பயன்படும். பாரஃபின் வகையைச் சேர்ந்த ஆக்டாடெக்கேன் என்ற மெழுகு 28 டிகிரியில் உருகுகிறது; ஐகோசேன் 36 டிகிரியைத் தாண்டி உருகுகிறது. ஒரு கிராம் ஆக்டாடெக்கேன் உருகும்போது ஏறத்தாழ 240 ஜூல் வெப்பத்தை வாங்கிக்கொண்டு, உறையும்போது அதைத் திருப்பித் தருகிறது.

உருகிய மெழுகு துணியில் கசிந்து பரவாமல் இருக்க, அதைச் சில மைக்ரான் முதல் சில பத்து மைக்ரான் வரை விட்டமுள்ள நுண்ணுறைகளில் அடைக்கிறார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. விண்வெளி வீரர்களின் கையுறைகளுக்காக 1980களில் நாசாவின் ஆதரவில் நடந்த ஆய்வுகளே இந்த வழியைத் திறந்தன. நுண்ணோக்கியில் பார்த்தால், இழைகளின் மேல் மணல் தூவியதுபோல் உருண்டை உருண்டையாக அவை ஒட்டியிருப்பது தெரியும். துணியின் பின்புறம் பூசலாம். அக்ரிலிக், விஸ்கோஸ் போன்ற இழைகளைக் கரைசலிலிருந்து நூற்கும்போதே உள்ளே கலந்துவிடலாம்.

இனி ஒரு சிறு கணக்கு. ஒரு சட்டையில் 50 கிராம் மெழுகு இருப்பதாகக் கொண்டால், அது ஏற்கக்கூடியது 12,000 ஜூல். அமைதியாக உட்கார்ந்திருப்பவரின் உடல் நொடிக்கு ஏறத்தாழ 100 ஜூல் வெப்பத்தை வெளியிடுகிறது. அத்தனையும் மெழுகுக்கே போனால் இரண்டே நிமிடத்தில் அது உருகித் தீர்ந்துவிடும். அதன்பின் அது வெறும் சட்டைதான். நாள் முழுதும் குளிர்ச்சி தரும் ஆடை என்று இதை விற்பது தவறு என்று நான் உறுதியாகக் கருதுவது இதனால்தான். குளிர்பதன அறைக்குள்ளும் வெளியிலும் மாறி மாறிப் போய்வரும் தொழிலாளிக்கு, அந்த இரண்டு நிமிடமும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிடைக்கும். அவருக்கு இது உண்மையான உதவி. உலைக்கருகில் நிற்பவருக்கோ ஒன்றிரண்டு கிலோ எடையுள்ள மெழுகுப் பொதிகள் செருகிய மேலங்கி வேண்டும். அதையும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றிக் குளிரவைத்தாக வேண்டும்.

வியர்வையையும் மறக்கக்கூடாது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. இது மெழுகைப்போல் பத்து மடங்கு. நுண்ணுறைகளைத் தடிமனாகப் பூசித் துணியின் துளைகளை அடைத்துவிட்டால், கிடைப்பதைவிட இழப்பதே அதிகம்.

வாங்கும்போது தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தொட்டவுடன் உணரும் குளிர்ச்சி, கையின் வெப்பத்தை விரைந்து இழுக்கும் வழவழப்பான நூலிலிருந்தும் வரும். அதற்கு மெழுகே தேவையில்லை. எத்தனை டிகிரியில் உருகும், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை ஜூலை ஏற்கும், எத்தனை சலவைக்குப் பிறகும் அந்த அளவு நிற்கும் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். நன்றி, வணக்கம்.