கொரோனா இந்த ஊருக்கு எதை விட்டுப் போனது?

நேயர்களுக்கு வணக்கம்.

கொள்ளைநோய் வந்து போன பிறகு ஒரு நகரம் எப்படித் தன்னைத் திருத்திக்கொண்டு தழைக்கலாம் என்று பேச அழைத்திருக்கிறார்கள். முதலில் கொஞ்சம் பழங்கதை. சென்னைக்கு வந்த பழைய நோய்கள் பலவும் போகும்போது உருப்படியாக ஏதாவது ஒன்றை விட்டுத்தான் போயிருக்கின்றன. பெரியம்மைத் தடுப்பு மருந்து தயாரிப்பதற்காக 1899இல் உருவானதுதான் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். செங்குன்றம் ஏரித் தண்ணீர் 1872 முதலே நகரத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஆனால் திறந்த கால்வாயில், வடிகட்டாமல் வந்தது. காலரா பரவ வேறென்ன வேண்டும்? 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைத்த பிறகுதான் குழாயில் நம்பிக் குடிக்கிற தண்ணீர் வந்தது. அந்த வேலையை முன்னின்று செய்த பொறியாளர் மேட்லி. தியாகராய நகரில் அவர் பெயரில் ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது. பெருமழை பெய்தால் தண்ணீர் தேங்குகிற இடங்களில் அதுவும் ஒன்று. பாவம், அவருக்கு இப்படி ஒரு நினைவுச்சின்னம்!

சரி, கொரோனா எதை விட்டுப் போனது? நகரமைப்புப் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் இந்தக் கேள்வியைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். மாஸ்க், கபசுரக் குடிநீர், வீட்டிலிருந்தே வேலை என்கிறார்கள். என் பதில் வேறு. அந்த இரண்டு வருடங்களில் நகரம் நம் தெருவுக்கு இறங்கி வந்தது. காய்கறி வாசலுக்கு வந்தது, காய்ச்சல் முகாம் தெருமுனைக்கு வந்தது, மாநகராட்சி ஊழியர் வீடு வீடாகக் கதவைத் தட்டி ‘யாருக்காவது இருமல் இருக்கா?’ என்று கேட்டார். நோய் தணிந்ததும் இதில் பெரும்பகுதியைச் சுருட்டி வைத்துவிட்டோம். அதுதான் எனக்கு வருத்தம்.

கோயம்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மொத்தச் சந்தையான கொத்தவால்சாவடியின் சந்துகளில் லாரிகள் திணறிய காரணத்தால் 1996இல் இந்தச் சந்தை வந்தது. 295 ஏக்கர். காய், கனி, பூ மூன்றும் ஒரே வளாகத்தில். அன்றைக்கு அது சரியான முடிவு என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அத்தனை பெரிய நகரத்தின் சாம்பாருக்கும் பொரியலுக்கும் ஒரே வாசல் என்று ஆகிவிட்டது. 2020 ஏப்ரல் கடைசியில் அங்கே தொற்று பரவியபோது வந்த வினை இதனால்தான். வியாபாரிகளும் சுமை தூக்குபவர்களும் சொந்த ஊர் திரும்ப, கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று நோயும் கூடவே போனது. மே 5ஆம் தேதி சந்தையை மூடினார்கள். காய்கறி திருமழிசைக்குப் போனது, பழம் மாதவரத்துக்குப் போனது. திருமழிசையில் திறந்தவெளி, ஒரு மழை பெய்தால் சேறு. கோயம்பேட்டில் காய்கறி மொத்த வியாபாரம் மறுபடி தொடங்கியபோது செப்டம்பர் 28 ஆகிவிட்டது.

அந்த மாதங்களில் நம்மைச் சாப்பிட வைத்தது யார்? குட்டி யானை, மீன்பாடி வண்டி, தள்ளுவண்டி. வேலை போன ஆட்டோக்காரர் தக்காளி விற்றார். 2021 மே மாத முழு ஊரடங்கில் அரசே வண்டிகளில் காய்கறியை ஏற்றித் தெருத்தெருவாக அனுப்பியது. அதாவது பரவலான விநியோகம் இந்த ஊரில் நடக்கும் என்று நாமே செய்து காட்டிவிட்டோம். சைதாப்பேட்டை, ஜாம்பஜார் மாதிரி பேட்டைச் சந்தைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. கோயம்பேடு அப்படியே இருக்கட்டும். கூடவே நகரத்தின் நாலு பக்கத்திலும் சிறிய மொத்தச் சந்தைகள் வேண்டும், பழைய சந்தைகளுக்குக் கழிப்பறை, வடிகால், குளிர்சேமிப்பு அறை வேண்டும். நாளைக்கு வருவது நோயாக இருக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பல பேட்டைகள் தனித்தனித் தீவுகளாகக் கிடந்ததைப் பார்த்தோமே, அப்போதும் பக்கத்துத் தெருச் சந்தைதான் கைகொடுக்கும்.

அந்தத் தள்ளுவண்டிக்காரரிடம் நாம் நன்றியோடு நடந்துகொண்டோமா என்றால், பாதிதான். தெருவோர வியாபாரிகளுக்கான சட்டம் 2014லேயே வந்துவிட்டது. 2020 ஜூனில் மத்திய அரசு அவர்களுக்கு முதல் தவணையாகப் பத்தாயிரம் ரூபாய் வரை கடன் தரும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல விஷயம். ஆனால் கடன் வாங்கிய வண்டி எங்கே நிற்பது? பாண்டி பஜார் நடைபாதையை 2019 நவம்பரில் திறந்தார்கள். நடப்பதற்கு அருமையான இடம், மறுக்கவில்லை. அது மாதிரி அகலமான நடைபாதை போடுகிற எல்லா இடத்திலும் வண்டிக்கென்று கோடு போட்டு இடம் ஒதுக்கினால்தான் நடப்பவருக்கும் வியாபாரிக்கும் நியாயம். இல்லையென்றால் தினமும் போலீஸ் விரட்டும், தினமும் வண்டி திரும்ப வரும்.

இன்னொரு பக்கம், வேலைக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம். பாரிஸ் நகரத்தில் கால் மணி நேர நடையிலோ சைக்கிளிலோ எல்லாம் கிடைக்க வேண்டும் என்று ஒரு திட்டம் பேசுகிறார்கள். திருவல்லிக்கேணிக்காரரிடமோ மயிலாப்பூர்க்காரரிடமோ சொன்னால் சிரிப்பார். கோயில், பள்ளிக்கூடம், மளிகை, டாக்டர், மெஸ் எல்லாம் அங்கே காலடியில் இருக்கின்றன. சிரிக்க முடியாதவர்கள் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் இருக்கிறார்கள். கூவம் ஓரத்திலிருந்தும் அடையாற்றங்கரையிலிருந்தும் குடும்பங்களை எடுத்து, பல கிலோமீட்டருக்கு அப்பால் அடுக்குமாடியில் வைத்தோம். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு வேலை பழைய இடத்திலேயே இருந்தது. 2020இல் பஸ் நின்றது; அவர்கள் சம்பளமும் நின்றது. 2021 மே மாதம் முதல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனது அவர்களுக்குப் பெரிய ஆறுதல், சந்தேகமே இல்லை. ஆனாலும் காசு மிச்சமாகும், பயண நேரம் மிச்சமாகாது. இனி ஒரு குடும்பத்தையும் அவ்வளவு தூரம் அனுப்பக் கூடாது. இருக்கிற இடத்துக்கு அருகிலேயே மாடி கட்டிக் கொடுக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன்.

மருத்துவத்தில் மட்டும் கொரோனா ஒரு நல்லதை விட்டுப் போயிருக்கிறது. மாநிலம் முழுக்க 708 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் என்று அறிவித்து, 2023 ஜூன் 6ஆம் தேதி 500 மையங்களை ஒரே நாளில் திறந்தார்கள். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு சுகாதார ஆய்வாளர், ஓர் உதவியாளர். எனக்குப் பிடித்தது அதன் நேரம்: காலை எட்டு முதல் பன்னிரண்டு, மாலை நாலு முதல் எட்டு. கட்டட வேலைக்குப் போகிறவர் காலையில் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. சாயங்காலம் வேலை முடிந்து வந்து சர்க்கரைக்கு மாத்திரை வாங்கலாம் என்பது சின்ன ஏற்பாடுதான். ஆனால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இல்லாதவர்களைத்தானே கொரோனா அதிகம் வாட்டியது? உங்கள் பகுதி மையம் எங்கே இருக்கிறது, மாலையில் டாக்டர் இருக்கிறாரா என்று ஒரு நடை போய்ப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, நம்மில் பலர் மறந்தே போனது. கொரோனா காலம் முழுவதும் சென்னையில் ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. 2016 அக்டோபரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான். தெருவைத் தகரம் அடித்து அடைத்தபோது, ‘பால் வாங்க எப்படி வெளியே போவது?’ என்று கேட்க வார்டில் தேர்ந்தெடுத்த ஆள் இல்லை. அதிகாரிகள் உழைத்தார்கள், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் எந்த வீட்டில் தனியாக ஒரு பாட்டி இருக்கிறார் என்பது கமிஷனருக்குத் தெரியாது. நல்ல கவுன்சிலருக்குத் தெரியும்.

அந்த 2022 தேர்தலில் இருநூறு வார்டுக்கும் கவுன்சிலர்கள் வந்தார்கள். கிராமசபை மாதிரி நகரத்திலும் பகுதிசபை கூட்டும் வழக்கம் 2022 நவம்பர் 1 முதல் தொடங்கியது. கூட்டத்துக்குப் போனால் குப்பை, தெருவிளக்கு, நாய்த்தொல்லை பற்றித்தான் பேச்சு நடக்கும். அதுவும் பேச வேண்டியதுதான். கூடவே, நகரம் எங்கே எப்படி வளர வேண்டும் என்று சொல்லும் மூன்றாவது முழுமைத் திட்டத்தை, 2046 வரைக்குமாக, சி.எம்.டி.ஏ. என்கிற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் தயாரித்து வருகிறது. உங்கள் பகுதிக்குச் சந்தை எங்கே, வண்டி நிற்க இடம் எங்கே, புது வீடுகள் எங்கே என்று அந்தத் திட்டத்தில் என்ன எழுதப்போகிறார்கள் என்பதை அடுத்த பகுதிசபையில் எழுந்து கேளுங்கள். வாயால் மட்டும் கேட்காமல் மனுவாக எழுதிக் கொடுங்கள். கையெழுத்துப் போட்டு ஒரு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.